சென்னைத் துறைமுகத்தின் பழைய மை ஓவியத்துக்குக் காலம் கணிப்பது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக் கடற்கரையைக் காட்டும் தேதியற்ற மை ஓவியம் கையில் கிடைத்தால், ஓரத்தில் பின்னாளில் யாரோ எழுதிய ஆண்டை உடனே நம்பிவிடாமல், முதலில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே மெல்லப் பிடித்து நீர்க்குறியை, அதாவது தாள் தயாரிக்கும்போதே அதில் பதியும் மங்கலான அடையாளத்தை, தேடுங்கள். அதில் ஆண்டு இருந்தால், ஓவியம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

பிறகு கரையைக் கவனியுங்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே தனித்து நிற்கும் கல்தூண் கலங்கரை விளக்கம் 1844-இல் இயங்கத் தொடங்கியது. கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் 1860-களின் தொடக்கத்தில் எழுந்தது. அது இல்லாமல், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் மட்டும் அலைகளைக் கடந்து கப்பல்களை நோக்கிச் செல்வதாக வரையப்பட்டிருந்தால், காலம் பெரும்பாலும் அதற்கு முன்னதுதான். 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் குவிமாடங்கள் தெரிந்தால் நூற்றாண்டின் இறுதிக்கு வந்துவிடலாம். ஆனால் ஒரு கட்டடம் இல்லாததை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஓவியர் நின்ற இடத்திலிருந்து அது மறைந்திருக்கலாம்.

மையை உருப்பெருக்கியால் பார்ப்பதும் அவசியம். கோடுகள் பழுப்பேறி, பாய்மரக் கயிறுகள் நெருங்கும் இடங்களில் தாள் அரிக்கப்பட்டிருந்தால் அது இரும்பு கலந்த மையாக இருக்கக்கூடும். அத்தகைய தாளை மடிக்கவோ ஈரத்துணியால் துடைக்கவோ கூடாது. அமிலமற்ற உறையில், வெயில் படாத இடத்தில், கிடைமட்டமாக வையுங்கள்.