பெர்லின்: நாஜிகளை எதிர்த்தவர்களைத் தேடி ஒரு நாள் நடை

பெர்லினுக்குப் போகிறவர்கள் ஹிட்லரின் பதுங்குகுழி எங்கே என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அங்கே இருப்பது கார் நிறுத்துமிடமும் ஒரு பலகையும். அந்த நேரத்தில் அவனை எதிர்த்தவர்களைப் பார்த்துவிட்டு வரலாம். நான் சொல்லும் எந்த இடத்திலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஏபி மண்டல நாள் டிக்கெட் ஒன்று போதும்.

படி 1: ஹாக்கஷர் மார்க்ட் நிலையத்தில் இறங்கி, ரோசன்தாலர் ஷ்ட்ராஸ (ஷ்ட்ராஸ என்றால் தெரு) 39ஐத் தேடுங்கள். நான் சொதப்பியது இங்கேதான். பக்கத்து எண் 40, பளபளவென்று ஓடு பதித்த முற்றங்கள், கடைகள். கூட்டத்தோடு அதற்குள் போய் அரை மணி நேரம் சுற்றினேன். நமக்கு வேண்டியது அதை ஒட்டி, சுவரெல்லாம் கிறுக்கல் ஓவியமாக, "இதற்குள்ளா போவது?" என்று தயங்க வைக்கும் சந்து. தயங்காமல் போங்கள்.

உள்ளே ஓட்டோ வைட்டின் பிரஷ் பட்டறை. அவருக்கே பார்வை மங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு வைத்ததில் பெரும்பாலோர் பார்வையற்ற, காது கேளாத யூதர்கள். ராணுவத்துக்குப் பிரஷ் போகிறது என்பதைக் காட்டியும் லஞ்சம் கொடுத்தும் அவர்களைக் காப்பாற்றப் பார்த்தார். கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. வாசலை ஒரு துணி அலமாரி மறைத்திருந்தது. அதற்குப் பின்னால் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒளிந்திருந்தது. 1943 அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த அறைக்குள் ஐந்து நிமிடமாவது பேசாமல் நில்லுங்கள்.

படி 2: நிலையத்தைத் தாண்டி ரோசன்ஷ்ட்ராஸ, நடைதூரம்தான். 1943 பிப்ரவரி கடைசியில் யூதக் கணவர்களைப் பிடித்து இங்கே அடைத்தபோது, யூதரல்லாத மனைவிமார் தெருவில் வந்து நின்று "எங்கள் கணவரைக் கொடு" என்று நாள்கணக்கில் கத்தினார்கள். அடைக்கப்பட்ட சுமார் 2,000 பேரில் பெரும்பாலோர் வெளியே வந்தார்கள். இப்போது சிவப்புக் கல் சிற்பங்கள் இருக்கின்றன.

படி 3: பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் வரை ரயில், அப்புறம் கால்மணி நேர நடை. ஷ்டாவ்ஃபன்பெர்க் ஷ்ட்ராஸவில் வளைவு வாசலைப் பார்த்தால் அரசு அலுவலகம் மாதிரி இருக்கும். பாதுகாப்பு அமைச்சகமும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. முற்றத்துக்குள் தாராளமாகப் போகலாம். ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்லப் பார்த்த ராணுவ அதிகாரி ஷ்டாவ்ஃபன்பெர்க். 1944 ஜூலை 20 இரவு அவரையும் இன்னும் மூன்று அதிகாரிகளையும் சுட்டது இங்கேதான். கைகள் கட்டப்பட்ட இளைஞனின் வெண்கலச் சிலை நிற்கிறது. பலரும் இங்கிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதிகாரிகளை முதலில் பார்த்துவிட்டால் பிரஷ் பட்டறை சின்னதாகத் தெரியும்.

படி 4: தெம்பிருந்தால் பிளோட்சன்சே, நாஜிகள் மரண தண்டனை நிறைவேற்றிய சிறை. நகரைச் சுற்றி ஓடும் ரிங் ரயிலில் பொய்சல்ஷ்ட்ராஸ இறங்கி 123ஆம் எண் பஸ். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். 2,800 பேருக்கு மேல் கொல்லப்பட்ட இடம் அந்தச் செங்கல் கொட்டகை. கொன்ற செலவுக்குக் குடும்பத்தாருக்கு பில் வேறு அனுப்பினார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன நண்பர் இரண்டு விஷயம் சொன்னார். யூதர்களை ஒளித்துவைத்தவர்கள் பற்றிய 'மௌன நாயகர்கள்' கண்காட்சி முன்பு 39ஆம் எண்ணில் இருந்தது. 2018இல் படி 3இல் சொன்ன வளாகத்துக்கு மாறிவிட்டது, பழைய கையேட்டை நம்ப வேண்டாம். அப்புறம், காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் மாட்டினால் 60 யூரோ. அவர் கட்டினார்.