தானக் கருவும் சுற்றத்தாரின் பேச்சும்: தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

தானமாகப் பெற்ற கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்து உருவான கருவைத் தன் வயிற்றில் சுமக்கத் துணியும் பெண்ணுக்கு, ஊசி மருந்துகளைவிட உறவினரின் வாய்ப்பேச்சே பெரும் அச்சத்தைத் தருகிறது. ஆகவே சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே, யாரிடம் எதைச் சொல்வது என்று கணவனும் மனைவியும் தனியே அமர்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் மறைத்ததை மற்றவர் சொல்லிவிடும்போதுதான் வீட்டில் மனக்கசப்பு வேர்விடுகிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். கருமுட்டை மட்டும் தானமாக வருமானால், தந்தை வழி வித்து தொடர்கிறது என்று பெரியவர்கள் சமாதானம் அடைவதுண்டு. இரண்டுமே வெளியிலிருந்து வந்தால் ‘யார் பெற்ற பிள்ளையோ’ என்ற பேச்சு எழுகிறது. அப்படிக் கேட்கும் மாமியாரிடம் மரபணுவை விளக்குவதைவிட, தேவகியின் வயிற்றிலிருந்த கரு ரோகிணியின் வயிற்றுக்கு மாறிப் பலராமனாகப் பிறந்த கதையை நினைவூட்டலாம். ரோகிணியின் மகன் என்ற பொருளில் ரௌகிணேயன் என்றே அவனுக்கு ஒரு பெயர் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையும் சுன்னி இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பாலோரும் இம்முறையை ஏற்பதில்லை என்பதால், அந்தக் குடும்பங்களில் உரையாடல் இன்னும் பொறுமையாக நடக்க வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். தானம் அளித்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. சொத்துப் பேச்சை எடுக்கும் பங்காளிகளுக்கு இந்த ஒரு பதிலே போதும். ஆனால் வேறொரு தம்பதி பயன்படுத்தாமல் விட்ட கருவைத் தருவதாக யாரேனும் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள், ஏனெனில் அதை மற்றவருக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை. 2022இல் ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டைகள் விற்கப்பட்ட வழக்கை நினைத்து ஊரார் ஐயப்படுவது நியாயமே. மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்த பின்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

பெயர் சூட்டும் நாளில் தொட்டிலைச் சுற்றி நின்று, ‘மூக்கு யாரைப் போல இருக்கிறது?’ என்று அத்தைமார் கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் அன்பினால் கேட்பதாகவே கொண்டு, ‘அவள் அவளைப் போலவே இருக்கிறாள்’ என்று சொல்லிப் பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பொய்யாக ஒரு சாயலைச் சொல்லாதீர்கள், அந்தப் பொய்யைப் பிள்ளையின் காதுபடப் பல ஆண்டுகள் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

பிள்ளைக்கு உண்மையை, கதை கேட்கும் வயதிலேயே, வேறு எவரும் சொல்லும் முன் நீங்களே சொல்லுங்கள். ‘உன்னைச் சுமக்க அம்மாவுக்கு வயிறு இருந்தது, உன் விதை மட்டும் எங்களிடம் இல்லை, முகம் தெரியாத இருவர் அதைக் கொடுத்தார்கள்’ என்ற மூன்று வரிகளில் தொடங்கினால் போதும். மற்றக் கேள்விகள் அதன் வயதோடு வரும்.