உப்புத் தண்ணீர் ஊரில் கூரை மழையைக் குடிநீராக்கும் வழி

ராமநாதபுரம் கடலோரத்தில் பல ஊர்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் பெண்கள் மணலில் ஊற்று தோண்டி, சுரக்கிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி, தள்ளுவண்டியில் வைத்து வீடுவரை தள்ளி வருகிறார்கள். காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் உப்பு போகாது. அதே ஊரில் ஐப்பசி மழை கூரையில் விழுந்து வாசலோடு ஓடிப்போவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

முதலில் கணக்கு. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 20 சதுர மீட்டர் ஓட்டுக் கூரை, பருவத்துக்கு 400 மி.மீ. மழை என்று வைத்தால், சிந்தியது சிதறியது போக 6,400 லிட்டர் தேறும். 5 பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர் போதும். எட்டு மாதம் ஓடும். ஆனால் இப்போது மழை நாள் குறைந்து, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. 500 லிட்டர் டிரம் ஒரே ராத்திரியில் வழிந்துவிடும். அதனால் செலவைத் தொட்டியில் போடுங்கள். 5,000 லிட்டராவது வேண்டும், வெயில் உள்ளே புகாத கறுப்புத் தொட்டியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும்.

அப்புறம், எல்லோரும் கோட்டைவிடுவது முதல் மழையில்தான். மாதக்கணக்கில் காய்ந்த கூரையில் காக்கா எச்சம், தூசி, வேப்பஞ்சருகு எல்லாம் கிடக்கும். கூரையிலிருந்து இறங்கும் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, 4 இஞ்ச் பிவிசி குழாயை இரண்டரை மீட்டருக்குக் கீழே இறக்கி அடியில் மூடி போடுங்கள். மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர் என்று முதல் 20 லிட்டர் அழுக்குத் தண்ணீர் அதில் தங்கிவிடும், அது நிரம்பிய பிறகு வருவதுதான் தொட்டிக்குப் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து பாருங்கள், கறுப்பாக வண்டலோடு கொட்டும். கொட்டிவிட்டு மூடுங்கள், மறந்தால் அடுத்த மழைக்கு அழுக்கெல்லாம் நேரே தொட்டிக்குள்தான்.

கீற்றுக் கூரைத் தண்ணீர் குடிக்க ஆகாது.

தொட்டி வாயிலும் வழிகிற குழாயிலும் கொசுவலை கட்டுங்கள். உள்ளே குடத்தை முக்காமல், அடியிலிருந்து ஒரு சாண் மேலே குழாய் வைத்துப் பிடியுங்கள். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றுங்கள், விறகுக்கோ கேஸுக்கோ வழியில்லை என்றால் குளோரின் மாத்திரையை அட்டையில் சொன்ன அளவில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஹெச்டூஎஸ் சோதனைக் குப்பி கிடைத்தால் தொட்டித் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம், முதலில் கொசுவலை எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடுங்கள்.