விசா கட்டணத்தை வைத்து ஐரோப்பாவின் அண்டை உறவுகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷெங்கன் விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா என்றாலே 90 யூரோ என்று பலர் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2024 ஜூன் முதல் பொதுக் கட்டணம் அதுதான். சென்னையில் விண்ணப்பிப்பவரும் அதைத்தான் கட்டுகிறார். ஆனால் அர்மீனியர்களுக்கு 35 யூரோதான். ஜார்ஜியர்களுக்கும் மால்டோவாக்காரர்களுக்கும் குறுகிய காலப் பயணத்துக்கு விசாவே வேண்டாம்.

பக்கத்து நாடாக இருந்தால் சலுகை தானாக வந்துவிடும் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. பெலாரஸில் உள்ள க்ரோத்னோ, இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் இருந்த ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் இன்றும் பலருக்குச் சொந்தபந்தம் உண்டு. 2007 டிசம்பர் 21 அன்று போலந்தும் லிதுவேனியாவும் ஷெங்கனில் சேர்ந்தன. அதன்பின் க்ரோத்னோக்காரர் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வர வேண்டுமென்றாலும் பொதுவாக 60 யூரோ கட்டியாக வேண்டியிருந்தது. அதே காலத்தில் ரஷ்யர்களுக்கு 35 யூரோதான். மாஸ்கோ 2006-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தோடு விசா சலுகை ஒப்பந்தம் போட்டிருந்தது. அதிபர் லுகாஷென்கோவின் அரசோடு ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு இருந்த கசப்பில் பெலாரஸுக்கு அந்த 35 யூரோ 2020 ஜூலையில்தான் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

சலுகையை இனாமாகவும் எண்ணக் கூடாது. விசா ஒப்பந்தத்தோடு, அனுமதியின்றித் தங்கியிருக்கும் தன் குடிமக்களைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்திலும் அண்டை நாடு கையெழுத்திட வேண்டியிருக்கிறது. கொடுத்த சலுகை நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. உக்ரைன் போர் தொடங்கிய பின், 2022 செப்டம்பரில் ரஷ்யாவுடனான ஒப்பந்தம் நிறுத்தப்பட்டு, 35 யூரோ ஒரே நாளில் 80 ஆனது.

செலவு கட்டணத்தோடு முடிவதுமில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், பயணக் காப்பீடு, தூதரக நகரத்துக்குப் போய்வரும் செலவு எல்லாம் தனி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்ப வராது. விசா இல்லாமல் போக முடிந்தாலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதை வேலை செய்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உறவு கெட்டால் எல்லோருக்கும் கதவு சாத்தப்படும் என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. 2021 நவம்பரில் பெலாரஸ் அதிகாரிகளுக்கு மட்டும் சலுகையை நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் ஜார்ஜியாவின் அரசதந்திர, அலுவல் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசாவிலக்கை நிறுத்த முடிவெடுத்தபோதும், சாதாரணக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களை அது தொடவில்லை. அதிகாரிகளையும் சாதாரண மக்களையும் பிரித்துப் பார்க்கும், ரஷ்யர்கள் விஷயத்தில் நிலைக்காத இந்த அணுகுமுறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.