ஐயாவோட பர்மா பெட்டிய எப்படி தெறந்து படிக்கிறது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு இருக்குறவங்களுக்குத் தெரியும், ரெண்டாங்கட்டுல ஏதாவது ஒரு அறையில ஒரு தகரப்பெட்டி கெடக்கும், மேல ஐயாவோட, அதாவது தாத்தாவோட, விலாசம் வெள்ளைப் பெயிண்ட்ல எழுதியிருக்கும், சாவி எங்கன்னு யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிறப்ப அது வெளிய வரும், அப்புறம் நேரா பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிரும். எங்க பங்காளி வீட்டுல மூணு மூட்டை அப்படித்தான் போச்சு, வந்த காசுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கித் தின்னாங்க.

வெள்ளைக்காரன் ஆட்சின்னா ஸ்கூல்ல கட்டபொம்மன், மருது, உப்பு சத்தியாகிரகம்னு படிச்சோம், சரிதான். ஆனா நம்ம வீட்டுக்குள்ள அது எப்படி வந்துச்சு, பர்மாவுக்கு வட்டிக்கடை போடப் போன நம்மாளு, அதாவது செட்டியாரு, அதுல என்ன பண்ணிட்டு இருந்தாருங்குறது அந்தப் பெட்டியிலதான் இருக்கு. ரெண்டு வருசமா முட்டி மோதி நான் கத்துக்கிட்டத இங்க சொல்றேன், நான் ப்ரொஃபசர் எல்லாம் இல்ல.

மொதல்ல பெட்டிய விட்டுட்டு வீட்டுல இருக்குற பெரியவங்ககிட்ட போங்க. பேப்பர் இன்னும் பத்து வருசம் இருக்கும், அப்பத்தா இருப்பாங்களான்னு சொல்ல முடியாது. கேக்குறதையும் பொடிப்பொடியா கேக்கணும். "பர்மா எப்படி இருந்துச்சு அப்பத்தா"ன்னு கேட்டேன், "நல்லாத்தான் இருந்துச்சாம்"னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டாங்க. மறுநாளு "ஐயா திரும்பி வந்தப்ப கையில என்ன இருந்துச்சு"ன்னு கேட்டேன், ஒரு மணி நேரம் பேசுனாங்க. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி தொழிலுக்கு, போனது எந்த ஊருக்கு, சொந்தக் கடையா சம்பளத்துக்கா, சம்பளம்னா எடுபிடி பெட்டியடிப் பையனா, உதவிக்கு இருக்குற அடுத்தாளா, கடைய நடத்துற மேலாளா, அங்க சமையலுக்கு யாரு போனாங்க, இப்படிக் கேளுங்க. போன்ல ரெக்கார்டிங் போட்டு ஓரமா வச்சிருங்க, மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க, பேச்சு நின்னுரும்.

அப்புறம் பெட்டி. வெயில்ல வச்சுத் தெறக்காதீங்க, முகப்புல நிழல்ல பழைய வேட்டிய விரிச்சு அதுல மேல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து வைங்க, எடுத்த வரிசை மாறாம முதல்ல போட்டோ எடுத்துக்கிட்டு அப்புறமா பிரிங்க. ஒட்டிக்கிட்ட பக்கத்த இழுக்காதீங்க. ராமபாணப் பூச்சி இருந்தா ஷேவிங் பிரஷால தட்டுங்க. ஈரத்துணி கூடவே கூடாது, அந்தக் காலத்து மை கரைஞ்சிரும். கிழிஞ்ச எடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, ப்ளீஸ். நான் ஒரு பத்திரத்துக்கு ஆசையா ஒட்டுனேன், ஒரே கோடையில பசை மஞ்சளாகி அந்த வரியில இருந்த எழுத்தையே தின்னுருச்சு, அதுல என்ன தொகை இருந்துச்சுன்னு இனி யாருக்கும் தெரியப்போறதில்ல.

தேதிய கண்டுபிடிக்கத்தான் எல்லாரும் முழிப்பாங்க. முத்திரைத்தாளு, ஸ்டாம்பு இருந்தா ராஜா தலைய பாருங்க. ராணி விக்டோரியான்னா 1901க்கு முந்தினது, மொட்டைத் தலை தாடிக்காரர் ஏழாவது எட்வர்டு 1910 வரைக்கும், அதுக்கப்புறம் 1936 வரைக்கும் தலை நெறைய முடியோட இருக்குற தாடிக்காரர் அஞ்சாம் ஜார்ஜ், அதுக்கு அடுத்து தாடியே இல்லாத ஆறாம் ஜார்ஜ். பழைய சரக்க வச்சு அடுத்த ராஜா காலத்துலயும் ஓட்டியிருப்பாங்க, அதனால ஒண்ணு ரெண்டு வருசம் முன்ன பின்ன வரும். இந்திய ஸ்டாம்பு மேல பர்மான்னு இங்கிலீஷ்ல கறுப்பா அச்சடிச்சிருந்தா அது 1937 ஏப்ரல் 1க்கு அப்புறம், அன்னிக்குத்தான் பர்மாவ இந்தியாவுல இருந்து தனியா பிரிச்சாங்க.

நம்மாளுங்க கணக்குல தமிழ் வருசம்தான் எழுதுவாங்க. தாது வருசம்னு பாத்தவுடனே குதிக்காதீங்க, அறுபது வருசத்துக்கு ஒரு தடவை அதே பேரு வரும். தாது வருசப் பஞ்சம்னு பாட்டிமார் சொல்றது 1876, அடுத்த தாது 1936. பிரமோதூத 1930, ஈஸ்வர 1937, விஷு 1941, இந்த மூணையும் மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

எண்ணு தமிழ் எண்ணா இருக்கும். ௧ பாத்தா 'க' மாதிரியே இருக்கும், ௫ 'ரு' மாதிரி. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இருநூத்தம்பது ரூபாய ௹ ௨௱௫௰ன்னு எழுதுவாங்க. ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, நயா பைசா வந்தது 1957லதான். பக்கத்துக்கு மேல உச்சியில ஒரு ௨ இருக்கும், அத ரெண்டுன்னு எடுத்துக்கிட்டு கூட்டிராதீங்க, அது பிள்ளையார் சுழி. சிரிக்காதீங்க, நான் நாலு பக்கம் அப்படித்தான் கூட்டுனேன்.

ஆளுக்கு ஒரு பக்கமா கணக்கு எழுதுற பேரேடு தடிமனா இருக்கும், பயந்துக்கிட்டு அத மொதல்ல எடுக்காதீங்க. ஐந்தொகைய எடுங்க, கடையோட மொத்த நெலமையும் அதுல ரெண்டு மூணு பக்கத்துல தெரிஞ்சிரும். சம்பளச் சீட்டு கெடைச்சா இன்னும் நல்லது, யாரு யாருக்காக எத்தனை வருசத்துக்குப் போனாங்கன்னு அதுலயே இருக்கும்.

இப்ப ஒரு நோட்டு எடுத்து எடது பக்கம் உங்க வீட்டு வருசம், வலது பக்கம் வெள்ளைக்காரன் வருசம்னு எழுதுங்க. எனக்குப் பெட்டி புரிஞ்சதே இதுக்கப்புறம்தான். 1852ல கீழ் பர்மாவ புடிக்கிறான், 1869ல சூயஸ் கால்வாய் தெறக்குது, பர்மா அரிசி ஐரோப்பாவுக்குப் போறது சுலபமாகுது, 1885ல மேல் பர்மாவும் போயிருது. காட்டை அழிச்சு நெல்லு போட விவசாயிக்குக் காசு வேணும், வெள்ளைக்கார பேங்க் அவனுக்கு நேரா குடுக்காது, நமக்குக் குடுக்கும், நாம அவனுக்குக் குடுப்போம். 1930 வாக்குல பர்மாவுல மட்டும் நம்ம கடைங்க 1,650 கிட்ட, போட்ட மொதலு 75 கோடி ரூபாய்னு வெள்ளைக்காரங்க அமைச்ச பேங்க் விசாரணைக் கமிட்டியே கணக்கு எடுத்திருக்கு. முகப்புல நிக்கிற தேக்குத் தூண் பர்மாவுல இருந்து வந்ததுன்னு பெருமையா சொல்றோம்ல, அது இந்தக் கணக்குலதான் வந்துச்சு.

பிரமோதூதக்கு அப்புறம் பாருங்க, வட்டி வரவு மெலிஞ்சுக்கிட்டே போகும், எங்க பேரேட்டுல சில பேருக்கு வரிசையா ரெண்டு வருசம் வெறும் கோடுதான். உலகம் பூரா மந்தம், நெல்லு வெலை பாதிக்கும் கீழ விழுந்துருச்சு, கடன் வாங்குனவன் கட்ட முடியல, நெலம் நம்ம பேருக்கு வந்துருச்சு. கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் ஜில்லாவுல 1930ல நூத்துக்கு 6 பங்கு நெலம் செட்டியார்கிட்ட இருந்துச்சு, 1938ல 25 பங்கு, 24 லட்சம் ஏக்கருக்கு மேல. நம்மாளுக்கு வேண்டியது பணம், வந்தது சேறு. ஆனா அந்த ஊர்க்காரனுக்கு என்ன தெரியும், கோர்ட்டும் போலீசும் வெள்ளைக்காரனோடது, பத்திரம் நம்மளோடது, போனது அவன் நெலம்.

அதனால அடமானப் பத்திரம் கெடைச்சா ஓரமா வச்சிராதீங்க. எங்க பெட்டியில ஒண்ணு இருக்கு, மேல அஞ்சாம் ஜார்ஜ் தலை, நடுவுல வட்டம் வட்டமா பர்மா எழுத்து, கீழ ரிஜிஸ்தரார் இங்கிலீஷ் கையெழுத்து, அது பக்கத்துல ஊதா மையில ஒரு கைநாட்டு, ரேகை இன்னும் தெளிவா தெரியுது. பின்பக்கம் ஐயா தமிழ்ல மாங்னு ஆரம்பிக்கிற ஒரு பேரு, ஊரு, ஏக்கரு, ௹ ௮௱ன்னு எழுதி வச்சிருக்காரு. மாங், கோ, ஊன்னு ஆரம்பிச்சா ஆம்பளை, மா, டான்னா பொம்பளை. இந்தப் பேரையும் நோட்டுல எழுதுங்க. நம்ம குடும்பக் கதையில ஐயா மட்டும்தான் இருக்காரு, அந்தக் கைநாட்டுக்காரரு இல்லவே இல்ல, இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. வெள்ளைக்காரன் நம்மளையும் ஆண்டான்தான், ஆனா அவன் கொடிக்குக் கீழதான் நாம அங்க போய் கடை போட்டோம், ரெண்டையும் சேத்துத்தான் படிக்கணும்.

விஷு வருசத்தோட எங்க கணக்கு நின்னுருச்சு. 1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான் குண்டு போட்டுச்சு, மார்ச்சுல ஊரே அவங்க கைக்குப் போயிருச்சு. கப்பலும் விமானமும் வெள்ளைக்காரனுக்கும் காசு இருக்குறவனுக்கும்தான் கெடைச்சுது, மத்த லட்சக்கணக்கான பேரு அரக்கான் வழியாவும் மணிப்பூர் வழியாவும் நடந்தாங்க, வழியிலயே செத்தவங்க ஆயிரம் ஆயிரமா. ஐயா நடந்துதான் வந்தாரு. பத்திரமெல்லாம் சண்டைக்கு முன்னாடியே ஊருக்கு அனுப்பிட்டதால தப்பிச்சுது. அதுக்கப்புறம் 1948ல பர்மா சுதந்திரம், நெலத்த நாட்டுடமை ஆக்கிட்டாங்க, பெட்டிக்கு அடியில டைப் அடிச்ச இங்கிலீஷ் மனு கட்டு இருந்தா அது பெரும்பாலும் நஷ்டஈடு கேட்டு எழுதுனது. அதுல போட்டிருக்குற தொகைய அப்படியே நம்பாதீங்க, கேக்குறவன் கூடத்தானே கேப்பான்.

எல்லாத்தையும் போன்லயே ஸ்கேன் பண்ணி ரெண்டு எடத்துல வைங்க, ஒரிஜினல அமிலமில்லா கவர்ல போட்டு, கூட வசம்பு போட்டு வைங்க. வீட்டுல வச்சுக்க முடியலைன்னா கடைக்குப் போட வேண்டாம், சென்னையில ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க, அதுவே நம்ம கோட்டையூர்க்காரர் ஒருத்தர் வீட்டுல சேத்து வச்சதுல இருந்து வந்ததுதான். அரசாங்கத்துப் பக்கத்துக் காகிதம் வேணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகம்.

சாவிய பத்தி சொல்ல மறந்துட்டேன். பூட்ட ஒடைக்காதீங்க, தகரம் நெளிஞ்சு உள்ள இருக்குறது கிழியும், மொதல்ல வீட்டுக்குள்ளயே நல்லா தேடுங்க. எங்களுது அப்பத்தாவோட சுருக்குப்பையில, பாக்கு வெட்டிக்குக் கீழ இருந்துச்சு. "ஏன் இத்தனை வருசம் சொல்லல"ன்னு கேட்டா, "யாரு கேட்டா?"ங்குறாங்க.