மேடை இசைக்கு எடுத்துச் செல்லக்கூடிய ஒலி அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக ஒலி அமைப்பு வாங்க முனைவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

படி 1: இணைப்புகளை எண்ணுங்கள்

மேடையில் யார் பாடுகிறார்கள், எந்தக் கருவிகள் ஒலிக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு மைக் இணைப்பு, கிட்டாருக்கு ஒன்று, ஸ்டீரியோவாக ஒலிக்கும் கீபோர்டுக்கு இரண்டு எனக் கூட்டி, அதைவிட ஒன்றிரண்டு இணைப்புகள் கூடுதலாக உள்ள மிக்சரை (பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் கருவியை) தேடுங்கள். இயங்க மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் இருந்தால், அதை மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் மிக்சரில் வேண்டும். முன்பெருக்கி (ப்ரீஆம்ப்) இல்லாத பீசோ பிக்கப் (அதிர்வை மின் சைகையாக்கும் உணரி) கொண்ட கிட்டாருக்கு ஹை-இசட் (உயர் மின்மறுப்பு) இணைப்போ, கருவியின் சைகையை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் பொருத்தமான டிஐ பாக்ஸோ தேவை. இல்லாவிட்டால் ஒலி மெலிந்து கேட்கும்.

படி 2: ஒலியின் அளவைக் கணக்கிடுங்கள்

வாட் எண் பல வேளைகளில் 'பீக்' (கணநேர உச்சம்) கணக்கில் தரப்படுகிறது. தொடர்ந்து வழங்கக்கூடிய திறன் அதைவிட மிகக் குறைவு. தவிர, திறனை இரு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல் (ஒலி அளவைக் குறிக்கும் அலகு) மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் தேவைப்படுகிறது. ஆகவே விவரத்தாளில் உச்ச ஒலி அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைவதால், 1 மீட்டரில் 120 டெசிபல் தரும் ஸ்பீக்கர் பெட்டி 16 மீட்டரில் 96 டெசிபலாகிவிடும். அதுவும் உச்சக் கணங்களுக்கான எண்தான். பாடலின் சராசரி ஒலி அதற்கும் கீழேயே நிற்கும்.

படி 3: பெட்டியின் வகையை முடிவு செய்யுங்கள்

குரலுக்கும் கிட்டாருக்கும் 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் போதும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அதுவும் டிரம்ஸும் சேர்ந்தால், தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபரைத் தவிர்க்க முடியாது. நெடிய தூண் வடிவ ஸ்பீக்கர் பக்கவாட்டில் அகலமாகவும் மேல்கீழாகக் குறுகலாகவும் ஒலியைப் பரப்புவதால், அரங்கின் எதிரொலி குறைவாகவே தூண்டப்படும். எடுத்துச் செல்வதற்கும் அது எளிது. தனிப் பாடகருக்கு என் பரிந்துரை இதுவே.

படி 4: எடையும் மின்சாரமும்

பெட்டியை நீங்களே தூக்கிப் பாருங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற குறிப்பு பொதுவாக மிதமான ஒலிக்கானது. முழு ஒலியில் அது வெகுவாகக் குறையும்.

படி 5: சொந்த மைக்கைக் கொண்டு சோதியுங்கள்

ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், கேட்போரை நோக்கி வைத்து, பாடியபடியே ஒலியை மெல்ல உயர்த்துங்கள். 'கீ' என்ற ஊளை எழும் இடத்துக்கு முன்பே உங்களுக்குத் தேவையான அளவு கிடைக்க வேண்டும். புளூடூத் இணைப்பில் தாமதம் இருப்பதால், அதை இடைவேளைப் பாடல்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மைக்கையும் கருவிகளையும் கேபிள் வழியாகவே இணையுங்கள்.