பழைய ஹார்டு டிஸ்க்கின் விவரங்களைக் கண்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கின் லேபிளில் ஏகப்பட்ட எண்கள் இருக்கும். முதலில் கண்ணில் படுவதை மாடல் எண் என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ‘எஸ்/என்’ என்பது சீரியல் எண். அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் உரிய அதை இணையத்தில் தேடிப் பயனில்லை. ‘மாடல்’ அல்லது ‘எம்டிஎல்’ என்பதற்கு அடுத்து இருப்பதைத் தேடுங்கள்.

மாடல் எண்ணிலிருந்து கொள்ளளவை ஊகிப்பது அடுத்த தவறு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி800ஜேபி 800 ஜிபி டிஸ்க் என்று நினைப்பவர்கள் நிறைய. அது 80 ஜிபிதான், கடைசி இலக்கம் தசமம். பிறகு வந்த டபிள்யூடி10இஏடிஎஸ்-இல் 10 என்பது 1.0 டிபி. சீகேட்டின் எஸ்டி3500418ஏஎஸ்-இல் முதல் 3 என்பது 3.5 அங்குல அளவைக் குறிக்கிறது, கொள்ளளவு 500 ஜிபி. ஆனால் எஸ்டி1000டிஎம்003-இல் அந்த அளவு இலக்கமே கிடையாது, நேராக 1000 ஜிபி. ஒரே நிறுவனமே இடையில் முறையை மாற்றியிருப்பதால், ஒரு டிஸ்க்கில் கற்றதை இன்னொன்றில் பொருத்தக் கூடாது.

டிஸ்க்கில் இடத்தைக் குறிக்கும் பழைய முறையான சிலிண்டர், ஹெட், செக்டர் என்று லேபிளில் இருக்கும் மூன்று எண்களைப் பெருக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. 16383, 16, 63 என்று இருந்தால், ஒரு செக்டருக்கு 512 பைட் என்ற கணக்கில் விடை ஏறக்குறைய 8.4 ஜிபி வரும். அந்த முகவரி முறையின் உச்சவரம்பே அவ்வளவுதான். அதைத் தாண்டிய டிஸ்க்குகள் எல்லாவற்றிலும், 80 ஜிபி ஆனாலும் 500 ஜிபி ஆனாலும், இதே மூன்று எண்களை அச்சிட்டார்கள். டிஸ்க்கின் மொத்த செக்டர்களைச் சொல்லும் ‘எல்பிஏ’ என்ற எண் இருந்தால் அதை நம்புங்கள்; லேபிளில் எனக்கு மிகவும் பிடித்த எண் அதுதான். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் அதை 512-ஆல் பெருக்கினால் மொத்த பைட்டுகள் கிடைத்துவிடும். 976773168 என்றிருந்தால் 500 ஜிபி. இதையே விண்டோஸ் 465 என்று காட்டும். 1024-இன் அடுக்குகளில் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு இது, டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை.

உண்மையிலேயே குறைவாகக் காட்டும் இடங்களும் உண்டு. 160 ஜிபி டிஸ்க் ஏறக்குறைய 137 ஜிபியோடு நின்றுவிட்டால், கணினியைத் துவக்கும் பழைய பயாஸோ, சர்வீஸ் பேக் இல்லாத விண்டோஸ் எக்ஸ்பியோ 28 பிட் முகவரிக்கு மேல் எண்ணத் தெரியாமல் இருக்கலாம். 32 ஜிபியில் நின்றால், கொள்ளளவைக் குறைக்கும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு துண்டு) செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்பைப் பார்த்து வகை சொல்வதிலும் கவனம் வேண்டும். 40 பின் இருந்தால் ஐடிஇ என்ற பழைய வகை, லேப்டாப் டிஸ்க் என்றால் 44 பின். 50, 68 அல்லது 80 பின் இருந்தால் அது சர்வர்களில் வந்த ஸ்கஸி. ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா போலவே தெரியும், சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் டிஸ்க்கில் டேட்டா பகுதிக்கும் பவர் பகுதிக்கும் இடையே இடைவெளி இருக்காது. வீட்டுக் கணினியின் சாட்டா கேபிள் அதில் நுழையாது, அழுத்திச் செருகாதீர்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தேவை. யுஎஸ்பி வயரை மட்டும் மாட்டிவிட்டு, சுழலவில்லை, செத்துவிட்டது என்று தூக்கிப் போடப்பட்ட நல்ல டிஸ்க்குகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

லேபிளில் ‘3 ஜிபி/எஸ்’ (நொடிக்கு 3 கிகாபிட், கிகாபைட் அல்ல) என்றிருப்பது இணைப்பின் வேக வரம்பு. டிஸ்க் அந்த வேகத்தில் படிக்கும் என்று பொருள் இல்லை. சீகேட்டின் பழைய தேதிக் குறியீடும் ஏமாற்றும். 09123 என்றால் 2009-ஆம் நிதியாண்டின் 12-ஆவது வாரம், மூன்றாம் நாள். நிதியாண்டு ஜூலையில் தொடங்குவதால் அந்த டிஸ்க் 2008 செப்டம்பரில் தயாரானது.

லேபிள் கிழிந்து போயிருந்தால் மேல்மூடியைத் திறந்து பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். உள்ளே ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தூசியைவிடச் சிறியது. டிஸ்க்கை இணைத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் பாருங்கள். மாடல், ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் உள் மென்பொருள்), ஓடிய மணிநேரம் எல்லாம் டிஸ்க்கே சொல்லும். யுஎஸ்பி பெட்டி வழியாக இணைத்தால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் சில சமயம் பெட்டியின் பெயர்தான் வரும், அதை டிஸ்க்கின் மாடல் என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

இணைத்ததும் விண்டோஸ் ‘இனிஷியலைஸ்’ செய்யவோ ‘ஃபார்மட்’ செய்யவோ கேட்டால் ரத்து செய்துவிடுங்கள். சில யுஎஸ்பி பெட்டிகள் செக்டர் அளவை மாற்றிக் காட்டுவதால், அதிலிருந்து கழற்றி நேராக மாட்டிய டிஸ்க் வெறுமையாகத் தெரியும். உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் அப்படியேதான் இருக்கும், பழைய பெட்டியிலேயே திரும்பப் பொருத்தினால் பெரும்பாலும் படிக்க முடியும். மாடலையும் கொள்ளளவையும் தெரிந்துகொள்ள அந்த இரண்டு பொத்தான்களில் எதையும் அழுத்தத் தேவையே இல்லை.